கடைசி சீட்டுக்குக் கிடைத்த மனை

மாடத்தி இந்தத் தீபாவளியோடு பட்டாசு வேலையை விடுவதாக இருந்தாள். இனி விட மாட்டாள். அதில் எனக்கும் பங்கு உண்டு.

வயது ஐம்பத்தொன்று. அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாகச் சங்குசக்கரம் சுற்றுகிறாள். மருந்துத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. நாலு படி ஏறினால் ஒரு தடவை நிற்பாள். நான் அங்கே சங்க வேலை பார்த்தவன். கூட்டம் போட்டால் மாடத்தி மூலையில் உட்காருவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். சங்கம் இப்போது வெறும் பெயர்ப்பலகை. அதை விடுங்கள்.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மே தினம். சிவகாசியில் ஊர்வலம். வந்தது பதினாலு பேர். மாடத்தி வேலைக்குப் போகும் கம்பெனி வேன் ஆட்கள் எங்கே என்று விசாரித்தால், அதே வேனில் வேம்பார் பக்கம் கடற்கரையில் மனை பார்க்கப் போய்விட்டார்கள். மனை விற்கிறவன் டீசல் போட்டு, பிரியாணியும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நாங்கள் கொடுத்தது நோட்டீஸ்.

மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாடத்தி மணலில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

"அங்கன அலைச் சத்தம் நிக்கவே இல்ல அண்ணாச்சி" என்றாள் மறுநாள். "இங்கன ஒரு சத்தம் கேட்டு அடங்குனாத்தான பயம், எந்தக் கம்பெனியோ, எவ புருசனோன்னு. அங்கன அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே கெடக்கு. மூச்சும் நல்லா வருது."

வேனில் போன பதினோரு பெண்களும் மாதத் தவணையில் வாங்கினார்கள். ரோட்டிலிருந்து கடல் வரை ஒரே வரிசையாகப் பதினோரு மனை. யாருக்கு எது என்று சண்டை வரவில்லை. வேனில் உட்காரும் வரிசையிலேயே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வரிசை நான் போட்டது. முன்சீட்டுக்கு முடியைப் பிடித்து அடித்துக்கொண்டார்கள் என்று, 'ஏறும் வரிசைப்படி உட்கார வேண்டும், மாறக் கூடாது' என்று எழுதி வேன் கண்ணாடியில் ஒட்டினேன். விஸ்வநத்தத்தில் முதலில் ஏறும் பாண்டிமீனாவுக்கு முன்சீட்டு. மனையும் ரோட்டோரம். கடைசியில் ஏறும் மாடத்திக்கு, ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும் கடைசி சீட்டு. மனை கடலோரம்.

"கடைசி சீட்டுக்கும் ஒருநாள் நல்லது நடந்திருக்குல்லா" என்று சிரித்தாள்.

தவணை முடிந்து பத்திரம் வந்தது. ஓட்டு வீடு, ஒரே அறை, அது போதும் அவளுக்கு. இந்த ஆவணியில் அனுமதி கேட்க அந்த ஊராட்சி அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கிளார்க் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்.

"மண்ணு ஒங்களுதுதாம்மா. ஆனா அலை ஏறி வர்ற கோட்டுக்கு ரொம்பப் பக்கம். இதுல வீடு கட்ட அனுமதி கெடையாது."

"ரோட்டோரத்து மனைக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்குக் கேட்டா கெடைக்கும்."

மனை விற்றவனுக்குப் போன் போட்டேன். அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. பஸ் விளாத்திகுளம் தாண்டியதும் மாடத்தி, "செவுத்துக்குப் பச்சை அடிக்கலாம்னு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிமீனா வீட்டுக்குப் போனேன்.

"நீ அங்கன போய்க் குடியிருக்கப் போறியா? அவளுக்கு மாத்திக் குடேன்."

"அது சினேகா கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கது, தலைவரே. கட்ட முடியாத மண்ணையா எம் பொண்ணுக்குக் குடுக்கச் சொல்லுதீக?"

"எம்புட்டு வருசமா ஒரே வேன்ல போறீக."

"அதத்தான் நானும் சொல்லுதேன். மாறக் கூடாதுன்னு எழுதி ஒட்டுனது யாரு? இன்னும் அங்கனதான் இருக்கு, போய்ப் பாருங்க."

காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மாடத்தி வேனுக்கு நிற்கும் இடத்தில் போய்ச் சொன்னேன்.

"நானா இருந்தாலும் தர மாட்டேன்" என்றாள்.

"வித்துரலாமே?"

"தெரிஞ்சே ஒருத்தர ஏமாத்தச் சொல்லுதீகளா? கெடக்கட்டும். லீவுக்குப் போனா படுத்து எந்திரிச்சு வாரேன்."

"அப்ப வேலை?"

"வாடகை வீட்டுல சும்மா உக்கார முடியுமா? இன்னும் ஏழெட்டு வருசம் இந்த வேன்தான்."

வேன் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணாச்சி, பேனா இருக்கா? அத மாத்தி எழுதுங்க. வாரம் ஒருத்தரா முன்சீட்டு. இந்த வாரம் நான். எழுதுனாத்தான் கால எடுப்பேன்."

டிரைவர் முத்துப்பாண்டி ஹாரனை அமுக்கினான்.

"ஏலே, சும்மா இருலே" என்றாள் மாடத்தி.

பையில் கிடந்த பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதி, ஏற்கெனவே இருந்ததன் மேல் ஒட்டினேன். பாண்டிமீனா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து பின்னால் போனாள்.

மாடத்தி முன்சீட்டில் உட்கார்ந்து சன்னலைத் திறந்துவிட்டாள். வேன் கம்பெனிக்குக் கிளம்பியது.