டப்பாவில் மாறிய சீட்டு

தெருவில் அவளைப் பல்லுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சை வைத்து, மெழுகில் ஈறு செய்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பல்செட் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. ஊரில் பாதிக் கிழங்கள் வாய்விட்டுச் சிரிப்பது அவள் கைவேலையால்தான். அவள் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. சிரிக்கத் தெரியாதவள் இல்லை. பயந்த நேரம் போக மிச்ச நேரத்தில்தானே சிரிக்க முடியும், அந்த மிச்சம் அவளுக்குக் கிடைப்பதில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால், இரண்டு பெண்களில் பெரியவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடியவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் ஆபீஸ் அலமாரியில். அலமாரிச் சாவி சாப்பிடப் போன யாரோ ஒருவரின் பையில். பிள்ளை நடிக்கிறாள் என்று நினைத்து வராந்தாவில் உட்காரவைத்துவிட்டார்கள். பல்லுக்காரம்மா போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டாள். மறுநாளே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியாயிற்று. சின்னவள் வாண்டுவைச் சேர்க்கவே இல்லை. அன்றிலிருந்து வீடுதான் பள்ளிக்கூடம்.

அது லேசான காரியம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து பார்க்கலாம். பிளாஸ்டர் தூசி உள்ளே வரக்கூடாதென்று பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து அதைப் பட்டறையாக்கியிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை, அதுதான் வகுப்பு. கடைவாய்ப் பல்லை நட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். வாண்டு கணக்கு நோட்டில் பூனை வரைந்துகொண்டிருக்கும். இவள் கண்ணாடியைத் தட்டினால் பூனைக்கு மீசை முளைக்கும். பெரியவள் மட்டும் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் தெருவில் சீருடையோடு போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்ஹேலர் எப்போதும் அம்மாவிடம்தான். எந்த உடுப்பு வாங்கினாலும் முதல் வேலையாக அதில் ஒரு பை தைத்துவிடுவாள், இதற்காகவே.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருடம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, அடுத்த வருடம் தான் செய்ய விரும்புவதை ஆளுக்கொரு சீட்டில் எழுதி பழைய பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். புது வருடத்தன்று காலையில் அவரவர் சீட்டை அவரவரே வாசிப்பார்கள். அதை வைத்துத்தான் வருடத்துக்கான அட்டவணை. சீட்டில் இருப்பதை யாரும் முடியாது என்று சொல்லக்கூடாது. ஒரு மாதமாவது செய்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இப்படித்தான் போன வருடம் நீச்சல் என்று எழுதிய அவள் கணவர், பெரிய லிஃப்ட் மெக்கானிக், இருபது மாடி உச்சியில் நின்று வேலை பார்க்கிறவர், ஒரு மாதம் முழுக்க நீச்சல் குளத்தின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தச் சட்டத்தைப் போட்டது வேறு யாருமல்ல, பல்லுக்காரம்மாவேதான்.

வருடம் முடிய இரண்டு நாள் இருந்தது. மத்தியானம், கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போயிருந்தார். அட்டவணையைக் கொஞ்சம் முன்கூட்டியே யோசித்து வைக்கலாமே என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். பெரியவளின் சீட்டில் இரண்டே வரி.

'நான் பள்ளிக்கூடம் போகணும். இன்ஹேலரை நானே வெச்சுக்குவேன்.'

அந்த வராந்தா, அந்த உதடு, பூட்டிய அலமாரி எல்லாம் கண்முன்னே வந்து நின்றன. ஒரு மாதம் என்பது எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பிள்ளை கண்ணில் படாமல் இருக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. கணக்கு முடிவதற்குள் அவள் பேனாவை எடுத்துவிட்டாள். பிள்ளையின் கையெழுத்து இவளே கையைப் பிடித்து எழுதவைத்துப் பழக்கிய கையெழுத்து. சுழி சுழியாக அவளுக்கு அத்துப்படி. 'பின்னம், தசமம் ரெண்டையும் மார்ச்சுக்குள்ள முடிக்கணும்' என்று எழுதி, அதே மாதிரி நாலாக மடித்து உள்ளே போட்டாள். அசல் சீட்டு பட்டறையில் கடைவாய்ப் பற்கள் இருக்கும் இழுப்பறைக்குப் போனது.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பெரியவருக்கு மேல்வரிசைப் பல்லைக் கோணலாக நட்டுவிட்டுப் பிடுங்கி மறுபடி நட்டாள். பிள்ளை 'அம்மா' என்று கூப்பிட்டாலே தூக்கிவாரிப் போட்டது.

புது வருடத்தன்று காலையில் நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் வாண்டு எழுத்துக்கூட்டி வாசித்தது.

"செவ்வாய்க்கிழமை பாடம் வேண்டாம். நாய் வேணும்."

"ரெண்டு கேட்கக்கூடாது, ஒண்ணுதான்" என்றார் அப்பா.

"அப்ப செவ்வாய்க்கிழமை நாய் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள், பல்லுக்காரம்மாவைத் தவிர. பெரியவள் தன் சீட்டைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே இருந்தாள். இப்போது சொல்லப்போகிறாள், இது என் சீட்டே இல்லை என்று சொல்லப்போகிறாள். பல்லுக்காரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நிமிர்ந்து அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் நிதானமாக வாசித்தாள்.

"பின்னம், தசமம் ரெண்டையும் மார்ச்சுக்குள்ள முடிக்கணும்."

"அடக் கடவுளே" என்றார் அப்பா. "ஊர்ப்பட்ட ஆசை இருக்கு, இதுக்கா ஆசைப்பட்ட?"

"ஆமாப்பா."

அவ்வளவுதான். ஸ்கேலை எடுத்து அட்டவணைக்குக் கோடு போட ஆரம்பித்தாள். தப்பித்தோம் என்று பல்லுக்காரம்மாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் பெரிய பயம் ஒன்று வந்தது, அது என்ன பயம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவசர வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விடுமுறை நாளில் யாருக்குப் பல் அவசரம்?

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறந்தது. தூசிக்குப் பயந்து பெரியவள் வெளியிலேயே நின்றாள்.

"அம்மா, நீ பயப்படாத. நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."

பல்லுக்காரம்மா கையில் இருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வருஷம் எழுதுறேன். அப்பவும் உனக்குப் பயமா இருந்தா அதுக்கும் அடுத்த வருஷம் எழுதிக்கலாம். பரவாயில்லம்மா."

அப்போதுதான் அந்தப் பயம் என்னவென்று அவளுக்குப் புரிந்தது. நெஞ்சு இறுக்கினால் உடனே சொல்லிவிடு, யார் என்ன நினைப்பார்களோ என்று அடக்கிக்கொண்டு இருக்காதே என்று நாலு வருடமாகப் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவள் அவள். எந்தப் பாடத்தைக் கோட்டைவிட்டாலும் இதை மட்டும் விட்டதில்லை. இன்றைக்கு அவளுக்காகவே அந்தப் பிள்ளை அடக்கிக்கொண்டு நிற்கிறது. வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பயமும் போகாமல் கூடவே நின்றது.

இழுப்பறையைத் திறந்து, பற்களுக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"என்னங்க, இவ எழுதினது இதுதான். நான்தான் மாத்தி வெச்சேன்."

அவர் வாசித்தார். அதற்குள் வாண்டு முந்திக்கொண்டது.

"அம்மா அழுகுணி ஆட்டம் ஆடிட்டா!"

"ஆமாடி, ஆடிட்டேன்" என்றாள் பல்லுக்காரம்மா. பெரியவள் பக்கம் திரும்பினாள். "அங்க உனக்கு இளைப்பு வந்தா என்ன செய்வ?"

"எடுத்து அடிச்சுக்குவேன். அப்புறம் டீச்சர்கிட்ட சொல்வேன். முதல்ல கேட்டுட்டு நிக்க மாட்டேன்."

"அவங்க வாங்கி வெச்சுக்கிட்டா?"

"குடுக்க மாட்டேன்."

"அதுக்கு நாம முதல்ல போய்ப் பேசணும்" என்றார் அப்பா. "பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கே நான் லீவு போடுறேன். டாக்டர் சீட்டோட போவோம்."

பல்லுக்காரம்மா ரப்பரை எடுத்து, அட்டவணையின் காலைக் கட்டங்களில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக அழித்தாள். ஒரு மாதத்துக்குத்தான் என்று இரண்டு தடவை சொன்னாள். பெரியவள் கையை நீட்டினாள். எதைக் கேட்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும். பைக்குள் கையை விட்டு இன்ஹேலரை எடுத்தாள். கொடுப்பதற்குள் அதன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். பிள்ளை அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாண்டுவோடு விளையாடப் போய்விட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் பல்லுக்காரம்மாவின் கை எத்தனையோ தடவை தன் உடுப்பில் தைத்திருந்த அந்தப் பைக்குள் போனது. ஒவ்வொரு தடவையும் வெறும் கையாகத்தான் திரும்பி வந்தது.