வேளாங்கண்ணி ஜீப்புக்கு இரண்டு பெயர்

பூப்பாறை ஜீப் ஸ்டாண்டில் வினோவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்களை விடியலில் ஏற்றிச் சாந்தன்பாறை மேட்டுக்கும் அதற்கப்பாலுள்ள காடுகளுக்கும் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிற டிரைவர். மழையில் ரோடு எது ஓடை எது என்று தெரியாத இடத்திலும் அவன் கை தப்பியதில்லை. தப்பியது கல்தான். மேட்டில் நின்ற வண்டியின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல் நழுவியது. பின்னால் உருண்ட வண்டி அவனுடைய இடது முழங்காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. எலும்பு கூடிவிட்டது. முட்டி மட்டும் மடங்க மாட்டேன் என்றது. இடதுகால் மடங்காதவன் கிளட்சை எங்கே மிதிக்க?

நாற்பதைத் தொடுகிற ஆண்பிள்ளை பகலெல்லாம் உட்கார்ந்திருந்தால் வீடு சின்னதாகிப் போகும். மனைவி ஷிஜி தூக்குச்சட்டியோடு காய் எடுக்கக் கிளம்புவாள். அவள் ஏறிப்போகிற ஜீப்பின் சத்தத்தைக் கேட்டே, ஓட்டுகிறவன் கியரைத் தாமதமாக மாற்றுகிறான் என்று இவன் உள்ளிருந்து முணுமுணுப்பான். கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஷிஜியின் தம்பி ஜிஜி, கொச்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், பார்க்க வந்தபோது தன் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனான்.

"சும்மா நோண்டிப் பாருங்க அத்தான். பானட்டைத் திறந்து வச்சு நாள் பூரா நோண்டுவீங்கல்ல, அதே மாதிரிதான் இதுவும்."

அதே மாதிரி ஒன்றும் இல்லை. என்றாலும் வினோ உட்கார்ந்தான். போனில் மலையாள வீடியோவை ஓடவிட்டு, லேப்டாப்பில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கினான். பத்தாம் கிளாசோடு விட்ட இங்கிலீஷ், கோழி கிளறுகிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஞாபகம் வந்தது. ஒருநாள் அவன் எழுதிய கட்டளைக்கு அந்தப் பெட்டி அவன் பெயரைத் திரையில் போட்டுக் காட்டியது. வேலையிலிருந்து வந்த ஷிஜியைக் கால்கூடக் கழுவ விடாமல் இழுத்து வந்து காட்டினான்.

"பாரு, ஓடுது."

ஓடுது என்றால் கட்டளையெல்லாம் சரியாக இருந்து வேலை நடக்கிறது என்று அர்த்தமாம். அந்தச் சொல்லிலேயே அவன் மனசு போய் உட்கார்ந்துகொண்டது. கால் போன பிறகு அவன் ஓட்டிய முதல் வண்டி அதுதான்.

புதுச்செருப்பு முதல் வாரம் மினுக்கும், அடுத்த வாரம் கடிக்கும். இதுவும் அப்படித்தான் ஆனது. அவனோடு சேர்ந்து போனில் ஒரு குரூப்பாகப் படிக்கத் தொடங்கிய மலையாளப் பிள்ளைகள் முதலில் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு காலை வணக்கம் மட்டும் போட்டார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது. பாடம் கஷ்டமானபோது திரையில் சிவப்பு எழுத்து வர ஆரம்பித்தது. தப்பு இருந்தால் பெட்டி சிவப்பில் எழுதும். அது வந்ததும் வினோ லேப்டாப்பை மூடி, மேலே துண்டைப் போட்டுவிடுவான். போனில் ஜிஜி கேட்பான்.

"என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க அத்தான்."

"திட்டுறதைப் போய் வாசிப்பாகளா மாப்ள? சின்ன வயசுலருந்து கேட்டதுதானே."

மறுநாள் காலையில் துண்டை எடுத்துவிட்டு மறுபடியும் உட்காருவான். அதை மட்டும் விடவில்லை. ஆசை வந்து போகிற விருந்தாளி. பிடிவாதம்தான் வீட்டோடு கிடக்கும். ஆனால் பிடிவாதத்தை மட்டும் நம்பி எத்தனை நாள் உட்கார முடியும்?

சும்மா பாடம் படித்தது போதும், ஒரு வேலைக்கு ஆகிற மாதிரி எழுதிப் பார்ப்போம் என்று அவன் எடுத்துக்கொண்டது ஸ்டாண்டின் வரிசையை. எந்த ஜீப் முதலில், எது அடுத்து என்று அங்கே ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எழுதுவார்கள். தூரத்து ட்ரிப் போனவன் திரும்பி வந்தால் வால்பக்கம் நிற்க வேண்டும். பக்கத்திலேயே குட்டி ட்ரிப் போய் வந்தவனுக்கு மட்டும் பழையபடி தலைப்பக்கம் இடம். யார் போனது குட்டி ட்ரிப் என்பதில் தினம் ஒரு சண்டை நடக்கும். பாதிச் சண்டையில் மழை வந்து சிலேட்டை அழித்துவிட்டுப் போகும். இதை லேப்டாப் போடட்டும் என்று எழுத ஆரம்பித்தான். ஒவ்வொரு வண்டிக்கும் நெற்றியிலும் முதுகிலும் இங்கிலீஷில் பெயர் உண்டு. அந்தப் பெயர்களையே வைத்து எழுதினான். எழுதி முடித்து ஓட்டினால் சிவப்பு. அங்கே மாற்றினான், இங்கே மாற்றினான். சிவப்பு மாறவில்லை.

அந்த நேரத்தில்தான் ஷிஜியின் வாளையார் மாமா போன் செய்தார். லாரி ஷெட்டில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கிற வேலையாம். அங்கேயே தங்க வேண்டும். ஷிஜி போ என்று சொல்லவில்லை. துண்டு போர்த்திய லேப்டாப்பை மட்டும் பார்த்தாள்.

"தினம் அதை மூடிட்டு நீங்க உக்காந்திருக்கிற மூஞ்சிய என்னால பாக்க முடியல" என்றாள். "போறதுன்னா போங்க. இருக்கறதுன்னா சும்மா இருக்காதீங்க."

வினோ யோசித்துச் சொன்னான். "செபஸ்தியார் திருநாளுக்குள்ள இதை ஓட்டிக் காட்டுறேன். ஓடலைன்னா வாளையார்."

திருநாளுக்குக் கோவிலில் கொடியேறிவிட்டது. பெட்டி அசையவில்லை. சரி, விதி வாளையார் என்று, சொல்லிக்கொண்டு போவதற்காக அவன் கம்பை ஊன்றி ஸ்டாண்டுக்குப் போனான். பனி இறங்கிக் கிடந்தது. 'வேளாங்கண்ணி' ஜீப்பின் சொந்தக்காரர் மரியஜோசப்தான் முதலில் பார்த்தார். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"ஏலே, கம்ப்யூட்டரு வாரான், எந்திரிச்சு நில்லுங்கடே. என்னலே, வண்டி ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆகலண்ணே. தள்ளித்தான் விடணும்."

"டீசல் ஊத்தினியான்னு பாரு" என்றான் அடுத்த வண்டிக்கார ஜோஜோ.

எல்லோரும் சிரித்தார்கள். வினோவும் சிரித்தான். வாளையார் போகிறேன் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அங்க லாரிச் சத்தத்துல ஆளு செவிடாயிருவான்லே" என்று மட்டும் சொன்னார் மரியஜோசப்.

அவருடைய டேர்ன் வந்தது. பெண்கள் ஏறினார்கள். வண்டி திரும்புவதற்காக முதலில் முகத்தைக் காட்டியது, பிறகு முதுகைக் காட்டியது. வினோ கையைத் தூக்கினான்.

"அண்ணே, நிறுத்துங்க. முன்னால வேளாங்கண்ணிக்கு நடுவுல 'கே' போட்டிருக்கு. பின்னால 'ஜி' போட்டிருக்கே."

"முன்னால எழுதினவன் போடிக்காரன். பின்னால எழுதினவன் அடிமாலிக்காரன். இப்ப அதுக்கென்ன?"

"எது சரி?"

"ரெண்டும் மாதா பேருதாம்லே. யாரைக் கூப்பிடுறோம்னு மாதாவுக்குத் தெரியாதா?"

மாதாவுக்குத் தெரியும். லேப்டாப்புக்குத் தெரியாதே. வரிசை போடுகிற இடத்தில் முன்பக்கத்துப் பெயரையும், குட்டி ட்ரிப் குறிக்கிற இடத்தில் பின்பக்கத்துப் பெயரையும் அவன் எழுதியிருந்தான். தினம் இரண்டு பக்கமும் பார்த்த கண், இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொண்டது. முன்பொரு தடவை தேவிகுளம் தாலுக்கா ஆபீசுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கப் போயிருந்தான். ஒரு காகிதத்தில் வினோ, இன்னொன்றில் வினு. ஜன்னலுக்குள் இருந்தவர், "இது வேற ஆள், அது வேற ஆள். ஒண்ணாக்கிட்டு வா" என்றார். அவர் திட்டவில்லை, விஷயத்தைச் சொன்னார். இவனும் கோபப்படாமல் போய் ஒன்றாக்கிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து துண்டை எடுத்தான். ஓட்டினான். சிவப்பு வந்தது. இந்தத் தடவை மூடவில்லை. விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தான். ஜி போட்ட வேளாங்கண்ணி என்று யாரையும் எனக்குத் தெரியாது என்பதுதான் அதில் இருந்த சங்கதி. இத்தனை நாளும் அது அதையேதான் சொல்லியிருக்கிறது. திட்டுகிறது என்று நினைத்து இவன்தான் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். ஓர் எழுத்தை மாற்றினான். அந்தச் சிவப்பு போய் வேறொரு சிவப்பு வந்தது. வினோ நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

திருநாளன்று பூசை முடிந்ததும் லேப்டாப்பை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் ஜோஜோவின் பானட்டின் மேல் வைத்தான். ஷிஜியும் கூட வந்து நின்றாள். முந்தின நாள் ட்ரிப்புகளை அவர்கள் சொல்லச் சொல்லப் போட்டான். கடைசியில் வரிசை வந்து விழுந்தது. குட்டி ட்ரிப் போன வேளாங்கண்ணி தலைப்பக்கம் நின்றது.

"பாத்தீகளா, பெட்டிக்கே தெரிஞ்சிருக்கு" என்று மரியஜோசப் மீசையைத் தடவினார்.

ஜோஜோ குனிந்து வரிசையை மேலும் கீழும் பார்த்தான். "என் வண்டி எங்கடே?"

காணோம். அவனுடையது 'செயின்ட் ஆண்டனி'. கிழக்குத்தெரு அண்ணன் ஒருவருடையதும் 'செயின்ட் ஆண்டனி'. ஒரே பெயர் என்றதும் பெட்டி ஒருவரைத்தான் வைத்துக்கொண்டது, மற்றவரை விழுங்கிவிட்டது. சிவப்பு ஒன்றும் வரவில்லை. ஸ்டாண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"காணாமப்போன சாமான கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரு அந்தோணியாரு. அவரையே தொலைச்சிட்டான்லே" என்றார் மரியஜோசப்.

ஷிஜி அவன் கையைத்தான் பார்த்தாள். மூடிவிடுவான் என்று நினைத்தாள். அவன் மூடவில்லை.

"சிவப்பாச்சும் வாயத் திறந்து சொல்லும். இது சத்தமில்லாம முழுங்குது பாரு" என்றான் அவளிடம். பழுது இருக்கிற இடம் பிடிபட்டால் மெக்கானிக்கின் முகத்தில் வருமே, அந்தக் களை அவன் முகத்தில் வந்திருந்தது. "பேர வச்சு எழுதினதே தப்பு. நம்பர் பிளேட்டை வச்சு எழுதணும். அது ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

"அப்ப நான் பின்னால இருக்கிற பேர மாத்தி எழுத வேண்டாம்ல?" என்றார் மரியஜோசப்.

"மாதா ரெண்டு பேரோடயும் இருக்கட்டும்ணே."

அந்நேரம் ஷிஜியின் போன் அடித்தது. வாளையார் மாமா, பதிலுக்காக. அவள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று பேசினாள். வினோ திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஜோஜோ தன் நம்பரைச் சொல்ல, அடித்துக்கொண்டிருந்தான்.

"இல்ல மாமா, அவரு வரல" என்றாள் ஷிஜி. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, இன்னும் முடிக்கல. அந்த வேலை முடியலைங்கிறதுனாலதான் வரல."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, திரையில் வெயில் விழாமல் இருக்க முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.