பெட்டரிக்குக் காய்ச்சலா?

எங்கள் கல்முனைப் பக்க வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்போம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். என் மகள் ஷிஃபானா அந்த வீட்டின் முன் விறாந்தையை இடித்துக் கராஜ் ஆக்கிவிட்டாள்! டயர், பிரேக் எல்லாம் மாப்பிள்ளை பார்ப்பார். ஹைபிரிட் கார் என்றால் அவள்தான். அதற்கென்றே கொழும்பில் படித்தவள்.

போன வாரம் ஜவ்பர் நானா வந்தார். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை வாடகைக்கு ஏற்றிப்போகிற ஹயர்காரர். அவருடைய ஹைபிரிட் காரில் எச்சரிக்கை லைட் எரிகிறது. வேறொரு கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பெட்டரி சூடேறுகிறது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"காரை வித்துத்தான், மகள், பெட்டரி வாங்கணும்" என்றார். சிரிக்கவில்லை. அவர் வீட்டில் அடுப்பெரிவதே அந்தக் காரால்தான்.

காரை விட்டுவிட்டுப் போங்கள், விடியும்வரை யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்றாள் மகள். ஏன்? இரவெல்லாம் ஆறிக் கிடந்த பெட்டரியில் எல்லா சென்சரும் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தானே காட்ட வேண்டும்?

சுபஹ் தொழுதுவிட்டு நானும் போய் அவளுடைய லேப்டொப்பை எட்டிப் பார்த்தேன். மற்ற சென்சரெல்லாம் சாதாரணம்... ஒன்று மட்டும் கடும் காய்ச்சல் காட்டியது. ஆக, பொய் சொல்வது சென்சர் – பெட்டரியில் பிழையில்லை!

மின் இணைப்பைத் துண்டித்து, கையுறை போட்டுக்கொண்டு, அடியில் பெட்டரி இருக்கிற பின் சீற்றைக் கழற்றினாள். அந்த சென்சரின் பிளக் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. கூடவே ஒரு மணம். அதற்குள் வந்துவிட்ட ஜவ்பர் நானாவிடம் கேட்டாள்:

"மாமா, பொத்துவிலுக்கு ஹயர் போனா, திரும்பி வரக்குள்ள என்ன ஏத்துறீங்க?"

ஜவ்பர் நானா தலையைச் சொறிந்தார். வெறும் வண்டியாக ஏன் வரவேண்டும் என்று டிக்கியில் ஐஸ் பெட்டி நிறையச் சூரை மீன் கொண்டுவந்து விற்பாராம். மீனுக்குப் பேர்போன பொத்துவிலிலிருந்து நம்மில் யார்தான் வெறுங்கையோடு வந்திருக்கிறோம்? பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் சென்சர்வரை போயிருக்கிறது.

சென்சரையும் பிளக்கையும் மாற்றினாள். லைட் அணைந்தது. அதோடு விட்டாளா? மடியில் லேப்டொப், பின் சீற்றில் மாப்பிள்ளை – அக்கரைப்பற்றுவரை ஜவ்பர் நானாவையே ஓட்டவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள். பெட்டரி நல்லாயிருக்கு, மீன் மட்டும் இனி பஸ்ஸில் வரட்டும் என்றாள்.

மறுநாள் ஜவ்பர் நானா வழக்கம்போல நோயாளி ஏற்றி மட்டக்களப்புக்குப் போய்வந்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு தேநீர்க் கடையில் ஒருவர் என்னை, பத்திரிகையில் எழுதுகிறவர் என்று வெளியூர்க்காரர் ஒருவருக்கு அறிமுகப்படுத்தினார். ஜவ்பர் நானா விடவில்லை.

"அது கிடக்கட்டும். இவர்தான் கார் பாக்கிற ஷிஃபானாட வாப்பா."

எத்தனையோ வருடமாக எழுதுகிறேன்... இப்படியொரு பட்டம் எனக்கு யாரும் தந்ததில்லை!