பதிகம் பாடித் தேர்ந்த கருவிகள்

கருவி வாங்குவதில் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. விலை குறைவாக இருக்க வேண்டும். பார்க்கப் பளபளவென்றும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒரு பொருளில் சேர்ந்துவிட்டால், கள்ளக்குறிச்சிச் சந்தைக்குக் காய்கறி வாங்கக் கொண்டுபோன பை உளியும் அரமுமாக வீடு திரும்பும். தொழிலால் நான் பள்ளித் தமிழாசிரியன். வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் அரைகுறைத் தச்சன். மனைப்பலகை, முக்காலி, சுவாமி படத்துக்குச் சட்டம், திருமுறை ஏட்டை விரித்து வைத்து ஓதச் சிறு சாய்மேசை என்று நான் செய்தவை பல. அவற்றுள் தாமாக நின்றவை சில. சுவரில் சாய்த்து வைத்தால் நின்றவையே மிகுதி.

மலிவுக் கருவிகளில் எது தேறும், எது தேறாது என்று அறிய நானே ஒரு முறை வகுத்திருந்தேன். இளமை முதல் நாவில் ஏறிய பதிகங்கள் எனக்கு உண்டு. பதினொரு பாட்டுக் கொண்ட ஒரு பதிகத்தைத் தொடங்கும் கணத்திலேயே ரம்பத்தை மரத்தில் வைப்பேன். ஒரு சாண் அகல வேப்பஞ்சட்டம் அறுபட்டு விழும்போது எத்தனையாவது பாட்டில் இருக்கிறேன் என்று பார்ப்பேன். நான்கு பாட்டுக்குள் அறுத்தால் நல்ல ரம்பம். எட்டைத் தொட்டால் வாங்கத் தகாதது. பதிகத்தின் பயன் சொல்லும் கடைசிப் பாட்டும் முடிந்து, மரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ரம்பமே அன்று, பல் வைத்த தகரம்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தால் ஆகாதா என்று கேட்டவர்கள் உண்டு. கடிகாரத்தில் வைத்த கண் மரத்தில் இராது என்பேன். இறைவன் புகழைச் சொல்லிக்கொண்டே செய்யும் சோதனையில் பொய் புகாது என்ற உறுதியும் எனக்கு இருந்தது.

அம்முறையில் நான் கண்ட முடிவுகள் சில இன்றும் நிற்கின்றன. சுத்தியலை மலிவாக வாங்கலாம். காம்பை மட்டும் நாமே செதுக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். குறடும் அவ்வாறே. அளவு நாடாவை மலிவாக வாங்கலாகாது; நான் வாங்கியதில் முதல் அங்குலமே ஓர் அங்குலம் இல்லை. மலிவான திருப்புளியால் திருகினால் திருகாணி அசையாமல் இருக்கும், திருப்புளி முறுக்கிக்கொள்ளும். உளி வேண்டுமானால் கச்சிராயபாளையம் போக வேண்டும். லாரியின் பழைய வில்தகட்டைக் காய்ச்சி அடித்து உளி செய்துதரும் கொல்லர் ஒருவர் அம்மலையடிவாரத்தில் இருந்தார். அந்த உளிக்குப் பெட்டி இல்லை, பளபளப்பும் இல்லை. ஒரு முறை தீட்டினால் ஒரு மாதம் உழைக்கும்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பகுதியெங்கும் போராட்டம் நடந்த ஆண்டு. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. புரட்டாசி மாதம், சாலையோரப் புளியமரங்கள் வெட்டப்பட்டுச் சாலையின் குறுக்கே கிடந்தன. பேருந்து இல்லை; பள்ளி இல்லை. என் மாணவர்களின் தகப்பன்மார் பலர் அந்தச் சாலைகளில்தான் நின்றிருந்தார்கள். அவர்களது கோரிக்கையும் அந்நாள்களின் துயரமும் பெரிய செய்திகள். அவற்றை எழுத வல்லவர்கள் வேறு. சாலை அடைபட்டதால் எங்கள் தெருக்கோயிலுக்கு வந்த ஒரு சிறிய நெருக்கடியே நான் சொல்ல வந்தது.

நவராத்திரி நிறைவு நாள் மாலையில் அம்மனை ஊஞ்சலில் எழுந்தருளச் செய்வது எங்கள் கோயில் வழக்கம். முந்திய ஆண்டே பழைய பலகை வெடித்துவிட்டது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், தம் கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த பலாமரத்தை அறுத்து, கனமான பலகை ஒன்றைக் காணிக்கையாக அனுப்பியிருந்தார். மரங்கள் சாலையில் விழுவதற்கு முன்பே பலகை வந்துவிட்டது. அதை ஊஞ்சலாக்க வேண்டிய ஆசாரி மட்டும் வேலைக்குப் போன விழுப்புரத்திலேயே மாட்டிக்கொண்டார்.

தர்மகர்த்தா என் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, ஆசாரி வர்ற மாரி தெரியல. பலக சும்மா கெடக்குது. இன்னும் அஞ்சே நாளுதான் கீது."

"ரெண்டு ஓரத்தையும் அறுக்கணும், நாலு மூலையில ஓட்ட போடணும், அவ்ளோதானங்க? நம்ம கிட்ட இல்லாத சாமானா?" என்று என் வாய் என்னைக் கேளாமலே சொல்லிவிட்டது.

அவர் ஆணியில் தொங்கிய என் கருவிகளை ஒருமுறை பார்த்தார். சாய்ந்து நின்ற முக்காலியையும் பார்த்தார்.

"பாத்து செய்ங்க. ஒரே பலகதான். அது கெட்டுப்போச்சுன்னா இந்த வருசம் அம்மனுக்கு ஊஞ்சல் இல்ல."

அவர் போன பிறகுதான் எனக்கு வியர்த்தது. ஊஞ்சல் சங்கிலிகளின் முனையில் இருந்த இரும்புக் கம்பிகள் கட்டைவிரல் பருமன் உள்ளவை. அவை நுழைய நான்கு துளைகள் செங்குத்தாக இறங்க வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் பலகை சாயும்; துளைக்கும் பிட்டு நடுவில் இறுகினால் பலகை பிளக்கும். என்னிடம் கை டிரில் இருந்தது. ஆனால் அதில் மாட்ட இருந்த பிட்டுகளில் மிகப் பெரியதே சுண்டுவிரல் பருமன்தான்.

அந்த நேரத்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒருவர் தங்கியிருந்தார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்து, திரும்பப் பேருந்து இல்லாமல் அகப்பட்டுக்கொண்ட கருவி வியாபாரி. நல்ல பருத்த உடம்பு. இரண்டு சாக்கு நிறைய இரும்புச் சாமான். அவற்றைத் தூக்கிக்கொண்டு நடந்து போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. இரண்டு வேளைச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கேட்டவுடன் சாக்கோடு வந்துவிட்டார்.

"எது வேணுமோ எடுத்து சுத்திப் பாரு வாத்தியாரே. எனக்கு இன்னா, பஸ்ஸா போயிடப்போவுது?"

எனக்கு வேண்டிய பருமனில் அவரிடம் இரண்டு பிட்டுகள் இருந்தன. ஒன்று தங்க நிறத்தில் மின்னியது. மெழுகுத்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் படுத்திருந்தது. மற்றது சாக்கின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரியாகக் கிடந்தது. பலகையோடு வந்திருந்த பலாத்துண்டுகளில் ஒன்றை மேசையில் இறுக்கினேன். பதிகத்தைத் தொடங்கினேன். தங்கநிறப் பிட்டு ஆறாம் பாட்டில் மறுபுறம் எட்டிப் பார்த்தது. கறுப்புக்கு ஒன்பது பாட்டு ஆயிற்று.

"இதுதான்!" என்று தங்கநிறத்தை வியாபாரியிடம் தூக்கிக் காட்டினேன். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு கூரையைப் பார்த்தார்.

சமையலறைச் சன்னல் கொட்டகையைப் பார்த்து இருந்தது. அங்கிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"இன்னாங்க, அந்த பிட்டு வேகமா போவல. நீங்கதான் மெதுவா பாடுனீங்க."

"நானா?"

"நீங்கதான். பளபளன்னு கீதே, அதுக்கு ஒவ்வொரு வரியையும் ரப்பரு மாரி இழுத்தீங்க. கறுப்புக்கு மட்டும் ரயிலு புடிக்கப் போற மாரி ஓட்னீங்க."

நான் சினந்தேன். முப்பது ஆண்டுகளாக ஓதுகிறவனுக்குக் காலப்பிரமாணம் சொல்லிக் கொடுக்கிறாயா என்று கேட்டேன். அவள் பாடும்போது நான் உச்சரிப்பைத் திருத்துவது எங்கள் வீட்டில் அன்றாடம் நடப்பது. என் பாட்டை அவள் திருத்தியது அதுவே முதல் முறை.

"இன்னிக்கி மட்டும் இல்ல," என்றாள். "பச்சைக் கைப்புடி போட்ட ரம்பம் வாங்கினு வந்தீங்களே, அன்னிக்கி நாலு பாட்டு முடியறதுக்குள்ள எனக்கு சோறே பொங்கிடுச்சி. பழைய ரம்பத்துக்கு நீங்க பாடுனா அரிசி கூட ஊறாது."

வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் உள்ளே எதுவோ இளகிற்று. நினைத்துப் பார்த்தேன். புதுப் பொருளைக் கையில் எடுத்த மகிழ்ச்சியில் பாட்டின் சுவையில் தோய்ந்து நின்றதைப் பக்தி என்று எண்ணியிருந்தேன். அதற்குள் என் ஆசை ஒளிந்திருந்திருக்கிறது.

"சரி, நீ வந்து பாடு," என்றேன்.

அவள் கரண்டியோடு வந்து முக்காலியில் அமர்ந்தாள். அது ஆட, எழுந்து நின்றுகொண்டாள். கரண்டியால் மேசைக்காலில் தாளம் தட்டி, அதே பதிகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் பாடினாள். நான் வாயை மூடிக்கொண்டு டிரிலைச் சுற்றினேன். கறுப்புப் பிட்டு ஐந்தாம் பாட்டில் இறங்கிவிட்டது. தங்கநிறத்துக்குப் பதிகம் முழுதும் போதவில்லை. மரத்திலிருந்து புகை வந்தது. வெளியே எடுத்தபோது நிறம் உரிந்து, முனை மழுங்கி, சோளக்கதிரைக் கடித்துவிட்டு வைத்தது போல இருந்தது.

"இதை நீ முதல்லயே சொல்லக்கூடாதாப்பா?" என்று வியாபாரியைக் கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் பாத்தேன் வாத்தியாரே. நீ சாமி பாட்டு பாடிக்கினே கீற. நடுவுல எப்டி பேசறது? அதுவும் உன் வூட்டு சோறு வயித்துல கீது, பொய்யும் சொல்ல வரல. அதான் கூரைய பாத்தேன்."

அதன் பிறகு வந்த இரண்டு நாள்களைப் போல மகிழ்ச்சியான நாள்கள் என் கொட்டகைக்கு வாய்த்ததில்லை. ஊஞ்சலைத் தொடும் கருவி எதுவும் மனைவியின் பாட்டுக்குத் தப்பக்கூடாது என்று முடிவாயிற்று. ஆணியில் தொங்கிய ஒவ்வொன்றும் இறங்கி வந்து தேர்வு எழுதிற்று. பச்சைக் கைப்பிடி ரம்பம் பத்தாம் பாட்டில் வளைந்து நின்றது. நான் ஒதுக்கி வைத்திருந்த பழைய ரம்பம் மூன்றரையில் வென்றது. இழைப்புளிகள் மூன்றில் இரண்டு மரத்தைச் சீவாமல் சுரண்டின. வியாபாரி தம் சாக்கையும் கவிழ்த்து, "அப்டியே இதையும் பாத்துடு அக்கா" என்றார். சாலையில் ஒலி இல்லாத அந்த நாள்களில் அவள் பாட்டு தெரு முழுவதும் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் முறத்தோடும் அரிவாள்மனையோடும் வந்து அமர்ந்து, கூடவே பாடினார்கள். பலாமரத்தூள் மஞ்சளாகப் பறந்து எல்லோர் மேலும் படிந்தது. அம்மனுக்கு மஞ்சள் காப்பு இடும் முன்பு அடியார்களுக்கு இட்டாற்போல இருந்தது அது.

மூன்றாம் நாள் காலை, பலகையில் கை வைத்தேன். பழைய ரம்பத்தால் இரண்டு ஓரத்தையும் அறுத்துவிட்டுத் துளைக்கத் தொடங்கினேன். வியாபாரி ஒருபுறம் முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். துளை அடிப்புறம் சிதறாமல் இருக்க, கீழே ஒரு வேப்பந்துண்டை வைத்தோம். மனைவி எதிரே நின்று, மூலைமட்டத்தைப் பிட்டின் அருகே நிறுத்தி, அது எப்பக்கம் சாய்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று யாரும் பாடவில்லை.

முதல் இரண்டு துளைகள் இறங்கின. மூன்றாவதில், பாதி வழியில், பிட்டு இறுகியது. பலகையிலிருந்து 'டக்' என்று ஓர் ஒலி.

"சுத்தாதே!" என்றார் வியாபாரி. "மரப்பால் புடிச்சிக்கிச்சி. பின்னால திருப்பு. மெதுவா. இன்னும் மெதுவா."

பின்னோக்கிச் சுற்றி வெளியே எடுத்தோம். பிட்டின் பள்ளங்களில் பிசின் அடைத்திருந்தது. பலகையை மேலும் கீழும் தடவிப் பார்த்தோம், விரிசல் இல்லை. ஒலித்தது கீழே வைத்த வேப்பந்துண்டு என்று கண்டபோது, மூவரும் பைத்தியம் பிடித்தவர்களைப் போலச் சிரித்தோம். மனைவி பிட்டை மண்ணெண்ணெயில் துடைத்து, நுனியில் விளக்கெண்ணெய் தடவிக் கொடுத்தாள். அதன்பின் ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்தோம். உச்சிவேளைக்குள் நான்காவது துளையும் முடிந்தது.

மறுநாள் மண்டபத்து உத்தரத்தில் சங்கிலிகளை மாட்டினோம். பலகை தொங்கிற்று. தர்மகர்த்தா நாலு மூலையிலும் கயிறு பிடித்துத் தரையிலிருந்து உயரம் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"நேராத்தான் கீது," என்றார், நம்பாதவர் போல. "ஆனா தாங்குமா?"

"அம்மன் எடை எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டார் வியாபாரி.

"பஞ்சலோகம். பீடத்தோட சேத்து ரெண்டு ஆளு தூக்கணும்."

வியாபாரி காலைக் கழுவிக்கொண்டு வந்தார். பலகையின் மேல் பழைய சாக்கை விரித்தார். "என் சாமான்ல போட்ட ஓட்ட. வுழுந்தா நானே வுழுறேன்," என்று சொல்லி, தம் முழுப் பருமனோடு ஏறி உட்கார்ந்தார். சங்கிலி முனகிற்று. பலகை அசையவில்லை. அவர் காலை உந்தி ஆடவும் தொடங்கினார். தர்மகர்த்தா பதறி, "எறங்குய்யா, அம்மனுக்கு முன்னாடி நீ ஆடறியா?" என்று கத்த, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு பலகையை மூன்று முறை கழுவி, மஞ்சள் பூசி, கோலம் இட்டார்கள்.

நிறைவு நாள் மாலை மண்டபம் கொள்ளவில்லை. சாலையில் மறியலுக்கு நின்றவர்கள் சிலரும் வந்து கைகட்டி ஓரமாக நின்றார்கள். அம்மனை எழுந்தருளச் செய்தார்கள். அர்ச்சகர் முதல் உந்து உந்தியதும் ஊஞ்சல் முன்னே போய் வந்தது. பின்னே போய் வந்தது. பெண்கள் ஊஞ்சல் பாட்டைத் தொடங்கினார்கள். என் மனைவியின் குரல் அதில் முதலாக நின்றது.

எனக்குப் பாட வாய் எழவில்லை. என் கண் நான்கு துளைகளில் இருந்தது. முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. கம்பி நகர்கிறதா, மரம் வாய் திறக்கிறதா என்று ஒவ்வொரு வீச்சுக்கும் அவற்றையே சுற்றி வந்தேன். ஆரத்தி வந்தது தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் தெரியவில்லை.

பாட்டின் நடுவே மனைவி நகர்ந்து வந்து முழங்கையால் இடித்தாள்.

"ஓட்டையையே பாத்துக்கினு நிக்கிறீங்களே. அம்மா முகத்த பாருங்க."

நிமிர்ந்தேன். பச்சைப் பட்டும் மூக்குத்தியுமாக அம்மன் முன்னே வந்தாள். கழுத்து மாலை ஊஞ்சலைவிட ஒரு நொடி பிந்தி ஆடிற்று. தீபம் முகத்தில் பட்டு விலகியது. மீண்டும் வந்தாள்.