எகிப்து வானத்து நீர்யானை

கப்பலில் சமையல் வேலை செய்த என்ரை அண்ணை, சுயெஸ் கால்வாயில் வாங்கின ஒரு துணியைக் கொண்டுவந்து எங்கள் எழுவைதீவு வீட்டுச் சுவரில் மாட்டினார். எகிப்துக்காரரின் பழங்கோயில் முகட்டில் செதுக்கின வானத்தின் படமாம் அது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் பார்த்த உடனே என்னவென்று பிடித்துவிட்டேன்.

"இது எங்கடை ராசியெல்லோ! நண்டு, தேள், தராசு, மீன், எல்லாம் நிக்குது."

"ஓம் தங்கச்சி. நடுவிலை நிக்கிறதுதான் அவையின்ரை சொந்த வெள்ளியள்."

நடுவில் வெட்டியெடுத்த மாட்டுக்கால் ஒன்று. பக்கத்தில் பிள்ளைத்தாச்சி வயிறும் தொங்கின மார்புமாக, பின்காலில் நிமிர்ந்து நிற்கிற ஒரு மிருகம். நீர்யானையாம். மாட்டுக்கால்தான் எங்கடை ஏழு முனிவர் வெள்ளி. அது கீழே போய்விடாமல் இவள் சங்கிலியில் கட்டிப் பிடித்திருக்கிறாளாம். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் அது மறைகிறதே இல்லையாம்.

"இஞ்சை மறையுதே," என்றேன். ஆவணியில் விளக்கு வைக்கிற நேரம், எங்கள் வளவுக்கு நேரே அந்த ஏழும் கடலுக்குள் இறங்கும்.

அண்ணை சிரித்தார். "அப்ப இஞ்சை அவளுக்குப் பிடிக்க ஏலாது போலை."

அடுத்த ஆவணியில் என்ரை சின்ன மகளுக்குக் காய்ச்சல். என்ரை மனுசன் தெற்கில் கடையில் நின்றார். சோளகக் காற்று அடித்த அடியில் ஒருத்தரும் வள்ளம் விடவில்லை. ஊர்காவற்றுறைக் கரை கண்ணுக்குத் தெரியுது, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பிள்ளை கண் திறக்கவில்லை.

"உந்தப் பேயைக் கழட்டி அடுப்பிலை போடு பிள்ளை," என்று என்ரை மாமி கத்தினா. "அது பாக்கிற பார்வை சரியில்லை."

"நீங்கள் அதைப் பாக்காதேங்கோ மாமி."

என்னை ஆரும் ஏவ ஏலாது. மாமி விபூதி வாங்கக் கோயிலுக்குப் போனா. வாசலில் நின்று பார்த்தேன். ஏழில் முன்னுக்கு நின்ற இரண்டும் தண்ணிக்குள் போய்விட்டது. விளக்கு அணையாமல் கதவைச் சாத்திவிட்டு, துணிக்கு முன்னால் வந்து நின்றேன்.

"நீயும் ஒரு பிள்ளைத்தாச்சிதானே. அந்தக் காலை விடு, அது போகட்டும். என்ரை பிள்ளையைப் பிடி."

சாத்தின வீட்டுக்குள் அந்தத் துணி ஒருக்கால் சுவரோடு உள்வாங்கி, மெல்ல வெளியே வந்தது. மூச்சு எடுக்கிற மாதிரி.

விடியக் காய்ச்சல் விட்டது. மகள் கண் திறந்து கஞ்சி கேட்டாள். பிறகு, "அந்தப் பெரிய வயித்து அக்கா ஏனம்மா என்ரை காலை விடுறா இல்லை?" என்றாள்.

போர்வையை விலக்கினேன். இடது கால் குளிர்ந்துபோய், ஆரோ கொண்டுவந்து வைத்த சாமான் மாதிரிக் கிடந்தது.

காற்று விழுந்தபிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அவைக்குத் தெரிந்ததை அவை சொல்லிச்சினம்.

மாமி சாகும்வரை எரி, எரி என்றுதான் சொன்னா. நான் எரிக்கவில்லை, மடித்து அலுமாரியில் வைத்தேன். மகள் தடியூன்றி வளர்ந்தாள், கலியாணமும் முடித்தாள். போன கிழமை அலுமாரியைத் திறந்து அந்தத் துணியைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இதை எரிச்சால் என்ரை கால் வருமோ?"

"கால் வரும்," என்றேன். "நீ இருப்பியோ எண்டுதான் எனக்குத் தெரியாது."

அவள் அலுமாரியைப் பூட்டித் திறப்பை என்ரை கையில் தந்தாள்.