விளக்குக்கு மேலே இருந்த பெட்டி

தியாகலிங்கம் ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையின் மின்பகுதியில் வேலை செய்தவர். ஓக்லாந்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவும் வேலை. அதனால் 1996 குளிர்காலத்தில் லின்ஃபீல்ட் வாடகை வீட்டைச் சூடாக்கும் பழைய பொயிலர் குழப்படி செய்யத் தொடங்கியபோது அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கை வேலையை மறக்கவில்லை என்று காட்டலாம் அல்லவா.

சந்தோஷம் நீடிக்கவில்லை. பகலில் வீடு நன்றாகச் சூடேறும். பொழுதுபட்டால் சுடுநீர் ஓடும் ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்துவிடும். சின்ன மகள் கம்சாயினிக்கு இழுப்பு. குளிர் ஏற ஏற அவள் நெஞ்சு விசிலடிக்கும்.

பொயிலரின் நேரக்கருவியைச் சரிபார்த்தார். ரேடியேட்டர்களில் சிக்கிய காற்றைத் திறந்துவிட்டார். பம்பில் காதை வைத்துக் கேட்டார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. வீட்டுக்காரனிடம் சொல்லி ஆள் கூப்பிடுவோம் என்றாள் மனைவி யோகராணி. அவர் இன்னும் ஒரு கிழமை தவணை கேட்டார்.

அந்தக் கிழமையில் மூன்று நாள் மாலையிலும் வீடு சுட்டது. வென்றுவிட்டேன் என்று நினைத்தார். நாலாம் நாள் யோகராணி தலைமுழுகி வந்து, ஹோலில் சாமித்தட்டு விளக்கை ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்றது. பொயிலர் அடங்கிவிட்டது.

சத்தம் வந்த இடம் விளக்குக்கு நேர் மேலே. வீட்டுச் சூட்டை அளந்து பொயிலரை ஏற்றி இறக்கும் தெர்மோஸ்டாட் பெட்டி அங்கேதான் சுவரில் இருந்தது. தொட்டுப் பார்த்தார். சுட்டது. விளக்கின் சூட்டை வீட்டின் சூடு என்று அது நம்பியிருந்தது.

பழுது பிடிபட்டதும் யோகராணியைக் கூப்பிடப் போனவர் பாதியில் நின்றார். அந்த விளக்கு யோகராணியின் தம்பிக்காக எரிவது. போன வருடம் சண்டையில் சனம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து அவனைப் பற்றி ஒரு கதையும் இல்லை. மாதத்தில் தான் விளக்குத் தொடாத நாட்களில் அவரை ஏற்றச் சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார்.

பேசாமல் விளக்கை நகர்த்திவிடலாமா என்று யோசித்தார். அறைக்குள் பிள்ளை இருமினாள். கூப்பிட்டுக் காட்டினார்.

யோகராணி பெட்டியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள்.

“அப்ப அந்த மூண்டு நாளும் ஏன் வீடு சுட்டது?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “மறந்துபோனன், ராணி.”

அவள் விளக்கை இரண்டு கையாலும் ஏந்திப்போய்ச் சாப்பாட்டறை அலுமாரியின் மேல் வைத்தாள். திரும்பி வந்து நெருப்புப்பெட்டியை அவர் கையில் திணித்தாள்.

“எங்கை வைச்சாலும் அவனுக்கு வெளிச்சம்தான். இனி ஒவ்வொரு நாளும் நீங்கள் கொளுத்துங்கோ.”

பெட்டி ஆறியதும் பொயிலர் மூண்டது. ரேடியேட்டர் மெல்லச் சுடத் தொடங்க, கம்சாயினி போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். “டடி ஃபிக்ஸ்ட் இட்?”

“ஓம், டடிதான் கண்டுபிடிச்சவர்,” என்றாள் யோகராணி. “எப்பிடி எண்டு மட்டும் கேளாதை.”