படி தாண்டாத நெருப்பு

எனக்கு இப்போது எண்பத்தொன்பது வயது. வளர்த்தது ஆறு பேர். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஒன்றும் சோடை போகவில்லை.

நான் கல்யாணமாகி செவ்வாப்பேட்டைக்கு வந்த காலத்தில் எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் கரண்டு கிடையாது. இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்தால் சிம்னி விளக்குக்கு எண்ணெய் மிச்சம். அடுப்புக்குக் காய்ந்த சவுக்குக் குச்சி, மிளாறு என்போம். அரிசி முக்கால் வெந்ததும் மிளாறை வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணைத்துவிடுவேன். மீதியைக் கங்கு பார்த்துக்கொள்ளும். ராத்திரி அந்தக் கங்கை உமிக்குள் புதைத்து வைத்தால் விடியும்வரை அணையாது, தீக்குச்சி கிழிக்க வேண்டாம். என்னைக் கஞ்சப்பிசினாறி என்று பேசினவர்களும் காலையில் வரட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் நெருப்புக்கு வருவார்கள். கொடுப்பேன். வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. அன்று நெருப்பு வாசப்படி தாண்டினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது என் மாமியார் போட்ட சட்டம்.

ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வீட்டுப் பெண் வரட்டியோடு வந்து நின்றாள். கிறிஸ்தவங்க. அவள் புருஷன் வயல் கூலியாக இருந்து, அப்போதுதான் ஆவடியில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வாரம் வெறும் வயிற்றோடு போய், சம்மட்டி அடிக்கும்போதே மயங்கி விழுந்துவிட்டார். இன்னொரு தடவை விழுந்தால் வராதே என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"யக்கா, கூரை ஒழுவி அடுப்பு, தீப்பெட்டி அல்லாம் நனஞ்சி பூட்ச்சி. நேத்தும் உலை வைக்கல. இன்னிக்கும் வெறும் வயிறா போனாருன்னா வேல போச்சிக்கா."

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "இன்னிக்கி இன்னா கெழமடி? இந்த ஊட்டு நெருப்பு படி தாண்டக்கூடாது."

அவள் சோறு கேட்கவில்லை. கேட்கிற பெண்ணும் இல்லை. திரும்பிப் போகப் பார்த்தாள்.

"இரு, இரு," என்றேன். "நெருப்புதானே அத்தை வெளிய போவக்கூடாது? பானை உள்ள வரலாமில்ல? ஓடுடி, அரிசியக் கழுவிப் பானையோட எடுத்தா."

மாமியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கெழம அதுவுமா, கருவாட்டுப் பானையக் கொண்டாந்து வச்சிடப் போறா," என்றார்.

"கருவாடு வாங்க டப்பு ஏது ஆயா?" என்றாள் அவள். மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு கொடியடுப்பு உண்டு. பெரிய அடுப்புத் தீயின் சூடே அதற்கும் போகும். விசேஷ நாள் தவிர அது சும்மாதான் கிடக்கும். அன்று அதில் அவள் பானை ஏறியது. ஒரு மிளாறுகூட நான் கூடுதலாக வைக்கவில்லை. இரண்டு பானையும் வெந்தன.

அந்த மனிதர் சாப்பிட்டுக் கை கழுவும்போது ரயில் நேரம் நெருங்கிவிட்டது. சேற்றில் நடந்து போய்ப் பிடிக்க முடியாது. எங்கள் வீட்டுக்காரரும் அதே ரயிலுக்குத்தான் சைக்கிளை எடுத்தார்.

"வா நைனா, குந்து. எறக்கத்துல நான் மிதிக்கறேன், மேட்டுல நீ மிதி. சுடச்சுட துன்னவன் நீதானே," என்றார்.

ரயிலைப் பிடித்துவிட்டார்கள். அவர் விழவும் இல்லை.

அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. ஒருநாள் என் மிளாறு, ஒருநாள் அவள் மிளாறு. இரண்டு ஆம்பளைக்கும் ஒரே சைக்கிள். வெள்ளி என்ன, செவ்வாய் என்ன, அவள் வரத் தாமதமானால், "இன்னாடி, பானை இன்னும் வரக்காணோம்?" என்று மாமியாரே வாசலுக்குப் போய்க் கூப்பிடுவார். அந்த மனிதர் தலை நரைக்கும்வரை அதே பட்டறையில் இருந்தார்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்ல நீதான் எழுதினாய் கண்ணு. என் மாமியார் பேச்சை நீ அழகுபடுத்தி எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்துபோகும். எங்கே, முதலிலிருந்து படி, கேட்கிறேன்.